பார்வைகளைப் பங்கிட்டது யார்?

இணையத்தில் கொடைக்கானல் என்று தேடினால் ஏரி வரும், கோக்கர்ஸ் வாக் வரும், தூண் பாறையும் குணா குகையும் வரும். நகரை ஒட்டியே இருக்கும் அட்டுவம்பட்டியைப் பார்க்க அந்தப் பெயரைத் தட்டித் தேட வேண்டும். அப்போதும் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அங்குள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் முகவரிதான். பெண்களுக்கென்றே மாநில அரசு 1984இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதைச் சுற்றியிருக்கும் ஊரும் உழவும் மனிதர்களும் அந்த முகவரியின் ஒரு வரிக்குள் சுருங்கிப் போகிறார்கள். ஒரே மலைதான். ஆனால் ஓரிடத்தின் மேல் உலகத்தின் கண் முழுவதும் விழுகிறது, பக்கத்து ஊரின் மேல் விழுவதே இல்லை.

இந்தப் பங்கீடு எப்போது வேண்டுமானாலும் மாறும். டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் பெற்றிருந்த பாறைப் பிளவு, 1991இல் ‘குணா’ படம் வந்தபின் குணா குகை ஆனது. 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வெளியானதும் அதே குகையைத் தேடிப் புதிய கூட்டம் மலையேறியது. கவனம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்று நினைப்பவர்கள் கோடை விடுமுறையில் கொடைக்கானல் சாலையைப் பார்க்கலாம். அது கார்களாகவும் வேன்களாகவும் வரிசையில் நிற்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டும் என்றானது. 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது.

மலைக்கு வரும் வண்டிகளை எண்ணச் சோதனைச் சாவடி இருக்கிறது. எழுத்துக்கு வரும் கண்களை எப்படி எண்ணுவது? எண்ணிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள்? தமிழில் இதைக் கேட்டுப் பார்க்க மிகவும் பொருத்தமான காலம் ஒன்று இருக்கிறது. 2003இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் செழித்திருந்த வலைப்பதிவுக் காலம் அது. பத்திரிகை ஆசிரியர் யாருடைய அனுமதியும் கேட்காமல் ஆயிரக்கணக்கான தமிழர்கள் முதன்முறையாக எழுதிப் பதிப்பித்தது அப்போதுதான். எழுதும் உரிமை எல்லாருக்கும் கிடைத்தது. வாசிக்கப்படும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பது வேறு கேள்வி, அதைத் தமிழில் இன்னும் யாரும் சரியாகக் கணக்கிடவில்லை என்பது என் ஆதங்கம்.

*

வலைப்பதிவுகளுக்கிடையே கவனம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை எண்களோடு பொதுவாசகர் முன் வைத்த முதல் கட்டுரைகளில் ஒன்று, அமெரிக்க இணைய எழுத்தாளர் கிளே ஷெர்க்கி 2003 பிப்ரவரியில் எழுதியது. 433 ஆங்கில வலைப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மற்ற பதிவுகளிலிருந்து எத்தனை சுட்டிகள் வருகின்றன என்ற கணக்கை அவர் பார்த்தார். முதல் இரண்டு பதிவுகளுக்கு மட்டும் மொத்தச் சுட்டிகளில் 5 விழுக்காடு போனது. முதல் 12 பதிவுகளுக்கு 20 விழுக்காடு. முதல் 50 பதிவுகளுக்குச் சரிபாதி. மீதமிருந்த 383 பதிவுகளும் சேர்ந்து மறுபாதியைப் பகிர்ந்துகொண்டன. வகுத்துப் பார்த்தால் மேல்தட்டில் இருந்த ஒரு பதிவின் சராசரிப் பங்கு, கீழே இருந்த பதிவின் சராசரிப் பங்கைப் போல ஏழரை மடங்குக்கும் மேல்.

ஷெர்க்கி இதைச் சதியின் விளைவாகப் பார்க்கவில்லை. நிறையப் பேர் நிறையவற்றிலிருந்து தாமாகத் தேர்ந்தெடுக்கும்போது, யாரும் திட்டமிடாமலேயே இத்தகைய ஏற்றத்தாழ்வு வந்துவிடும் என்றார். நிலவுடைமையில் பொருளியலாளர் பரேட்டோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டதும், நூல்களில் சொற்கள் வரும் அடுக்கில் மொழியியலாளர் ஸிஃப் பின்னர் கண்டதும் இதே வடிவம்தான். சிலவற்றுக்கு மிக அதிகம், பலவற்றுக்கு மிகக் குறைவு, நடுவில் இருப்பவை அபூர்வம்.

இந்த வடிவத்தில் சராசரி எதையும் சொல்லாது. பத்து வலைப்பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை 910 பேர் படிக்கிறார்கள், மற்ற ஒன்பதையும் ஆளுக்குப் பத்துப் பத்துப் பேர். மொத்தம் 1,000 பேர், சராசரி 100. ஆனால் நூறு வாசகர்கள் உள்ள பதிவு அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பார்த்தால் பத்து வருகிறது, உண்மைக்கு அதுவே நெருக்கம். வலைப்பதிவாளரின் சராசரி வாசகர் எண்ணிக்கை இவ்வளவு என்று எவராவது சொன்னால், நடுமதிப்பு என்ன என்று அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குறியீட்டையும் இங்கே பயன்படுத்துகிறார்கள். கொராடோ கினி 1912இல் வகுத்த அளவை அது. எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தால் 0, எல்லாமும் ஒருவருக்கே போனால் ஏறத்தாழ 1. நம் பத்துப் பதிவுகளுக்குக் கணக்கிட்டால் 0.81 வருகிறது. இப்போது வேறொரு பத்தைப் பார்ப்போம். இரண்டு பதிவுகளுக்கு ஆளுக்கு 500 வாசகர்கள், மீதி எட்டுக்கும் ஒருவர்கூட இல்லை. இதற்குக் கினி 0.80. அதாவது குறியீட்டின் கண்ணுக்கு இரண்டு உலகமும் ஏறத்தாழ ஒன்று, இரண்டாவது உலகம் ஒரு துளி அதிகச் சமத்துவம் உள்ளதாகக்கூடத் தெரிகிறது.

எழுதுகிறவர்களுக்கு அப்படியா? பத்துப் பேர் படிக்கும் பதிவை எழுதுபவர் நாளையும் எழுதுவார். ஒருவர்கூடப் படிக்காத பதிவை எழுதியவர் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுவார். ஒன்பது பேரை எழுத வைத்திருக்கும் உலகத்தையும் எட்டுப் பேரின் வாயை அடைத்துவிடும் உலகத்தையும் பிரித்துக் காட்டாத அளவுகோலை மட்டும் நம்பி, ஒரு மொழியின் எழுத்து வாழ்வைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உச்சியில் இருப்பவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்பதோடு, அடியில் இருப்பவருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு உறுதி என்றும் கேட்க வேண்டும். இதை நான் அடித்தள அளவு என்று சொல்வேன். ஆய்வுகளில் இது ஓரத்தில் தள்ளப்பட்டே கிடக்கிறது.

*

இந்தக் கண்ணோடு தமிழ்மணத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழ் வலைப்பதிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தபோது அவற்றின் பட்டியலை மதி கந்தசாமி தொகுத்து வந்தார். எண்ணிக்கை பெருகியபோது பட்டியல் போதவில்லை, யார் எப்போது எழுதினார்கள் என்பதை உடனுக்குடன் காட்டும் ஏற்பாடு தேவைப்பட்டது. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் திரட்டி அதைச் செய்தது. பதிவர் ஒருவர் இடுகையை வெளியிட்டதும் அவருடைய பதிவின் செய்தியோடையைப் (feed) படித்து, தலைப்பையும் பெயரையும் முதல் சில வரிகளையும் முகப்பில் காட்டும். அடுத்தவர் எழுதியதும் அது கீழே இறங்கும். பின்னர் வந்த இன்ட்லி போன்ற தளங்கள் வாசகர் வாக்கை மையமாக வைத்தன. தமிழ்மணத்தின் முகப்போ நேர வரிசையில் ஓடியது.

நேர வரிசை என்பது சாதாரண விஷயமாகத் தோன்றும். என் பார்வையில் அது தமிழ் இணையத்தின் மிக நியாயமான பங்கீட்டு முறை. நேற்றுத்தான் வலைப்பதிவு தொடங்கிய பள்ளி ஆசிரியருக்கும், ஆயிரம் வாசகர்களைக் கொண்ட பிரபலப் பதிவருக்கும் முகப்பில் கிடைத்த இடம் ஒன்றே. சில நிமிடங்களோ சில மணி நேரமோ, அந்த இடத்தில் தலைப்பு நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பத்துப் பேர் சொடுக்கிவிடுவார்கள். சிங்கப்பூரில் காலை, டொராண்டோவில் முந்தைய இரவு என்று தமிழர்கள் பரவிக் கிடந்ததால் முகப்பு எந்த நேரமும் ஆளில்லாமல் இருந்ததில்லை. உச்சியில் இருந்தவர்கள் உச்சியில்தான் இருந்தார்கள், ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடவில்லை. அடித்தளம் மட்டும் பூஜ்யத்திலிருந்து மேலே வந்தது. வாரம் ஒருவரை ‘நட்சத்திரம்’ ஆக்கி முகப்பில் நிறுத்தியதும் அதே வேலையைச் செய்தது. அதிகம் அறியப்படாதவருக்கும் ஏழு நாள் வெளிச்சம் கிடைத்தது.

ஆனால் அதே முகப்பில் வேறு பெட்டிகளும் இருந்தன. அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளுக்கு ஒரு பெட்டி, வாசகர் பரிந்துரைக்கு ஒன்று, பின்னாளில் அதிகம் பேர் சொடுக்கியவற்றைக் காட்டும் ‘சூடான இடுகைகள்’. இவை கவனத்தை அளந்து காட்ட வந்தவை. காட்டிய கணமே கவனத்தைத் திருப்பிவிடவும் தொடங்கின. மறுமொழி வந்தால் இடுகை மேலே வரும் என்று தெரிந்ததும், தன் இடுகைக்குத் தானே மறுமொழி போட்டு மேலே இழுப்பது பழக்கமானது. நண்பர்கள் கூடி அரட்டையாகவே நூறு பின்னூட்டம் இட்டுக் ‘கும்மி’ அடித்தார்கள். பதிவுலகம் அதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பெயர் வைத்தது. சிரித்துக்கொண்டே வைத்த பெயர்தான், உள்ளே மெய்யான அறச்சிக்கல் இருந்தது. ஒருவர் தன் இடுகையை மேலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொருவருடையது பெட்டியை விட்டு வெளியே விழுகிறது. ‘சூடான’ பெட்டிக்கு ஏற்ற தலைப்புகளும் பிறந்தன. நிதானமாக எழுதப்பட்ட வரலாற்றுக் கட்டுரை சில மணி நேரத்தில் மறைய, யாரையாவது சீண்டும் தலைப்பு நாள் முழுக்க நின்றது.

அளவுகோலை இலக்காக்கினால் அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்ற பொருளில் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் ஒரு கருத்தைச் சொன்னார். பணக் கொள்கையைப் பற்றி அவர் சொன்னது, தமிழ்மணத்தின் மறுமொழிப் பெட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. இதைப் பதிவர்களின் சிறுமையாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. எழுதுகிற எவருக்கும் படிக்கப்பட வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆசையைக் குறை சொல்வதைவிட, எந்த ஆசைக்கு எந்தப் பெட்டி பரிசு கொடுத்தது என்று பார்ப்பதுதான் ஆய்வுக்கு உதவும்.

*

பார்க்கப்பட்டது மேலும் பார்க்கப்படும் என்பதைப் பல துறையினர் பல பெயர்களில் கண்டிருக்கிறார்கள். உட்னி யூல் 1925இல் உயிரினப் பிரிவுகளை வைத்தும், ஹெர்பர்ட் சைமன் 1955இல் சொற்களையும் நகரங்களையும் வைத்தும் இதற்குக் கணிதம் எழுதினார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல், புகழ்பெற்ற அறிவியலாளருக்கே மேலும் புகழ் சேர்வதை மத்தேயு நற்செய்தியின் பெயரால் ‘மத்தேயு விளைவு’ என்றார். 1999இல் பராபாசியும் ஆல்பர்ட்டும் இணையச் சுட்டிகளுக்கு அதே தர்க்கத்தைப் பொருத்திக் காட்டினார்கள். புதிதாக வருபவர் ஏற்கெனவே அதிகச் சுட்டி பெற்றவரையே சுட்டுவதால், முன்பே வந்தவருக்கு நீங்காத அனுகூலம் கிடைக்கிறது.

ஆனால் நல்லதுதானே மேலே வந்திருக்கும் என்ற வாதம் எப்போதும் எழும். அதற்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் 2006இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் வெளியிட்ட சோதனை. அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாட்டுகளை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது காட்டப்படவில்லை. மீதிப் பேரை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் ஏற்றத்தாழ்வு கூடியது. பாட்டுகளை எண்ணிக்கை வரிசையில் அடுக்கிக் காட்டியபோது அது இன்னும் கூடியது. முக்கியமான முடிவு வேறொன்று. ஓர் உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னோர் உலகத்தில் நடுவிலேயே நின்றது. மிக நல்லவை பெரும்பாலும் மிக மோசமாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. இடைப்பட்ட எல்லாவற்றின் தலைவிதியும் தொடக்கத்தில் யார் கையில் தற்செயலாக அகப்பட்டது என்பதைப் பொறுத்து அமைந்தது.

தமிழ்ப் பதிவுலகம் நமக்கு ஒரே ஒரு முறைதான் நடந்தது. எட்டு உலகங்கள் கிடையாது. அதில் யாருடைய பெயர் நிலைத்ததோ அதையே தரத்தின் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறொரு தொடக்கம் அமைந்திருந்தால் இன்று நாம் கொண்டாடும் பெயர்களில் சில மாறியிருக்கும் என்றே நம்புகிறேன். இதனால் புகழ்பெற்றவர்களின் எழுத்து தாழ்ந்துவிடாது. நாம் படிக்காமல் விட்டவர்களின் எழுத்தைத் தாழ்ந்தது என்று முடிவு கட்டும் உரிமைதான் நம்மிடமிருந்து போகிறது.

*

அளக்கும் கருவிகளின் கதை வருத்தமானது. தொடக்க காலத்தில் பதிவின் ஓரத்தில் ஹிட் கவுண்ட்டரை ஒட்டி வைப்பார்கள். ஃபீட்ஜிட் பட்டை எந்த ஊரிலிருந்து ஆள் வந்தார் என்று காட்டும், தன் பதிவைத் தானே திறந்து பார்ப்பவரையும் சேர்த்துத்தான். தேடுபொறியின் தானியங்கி நிரல்கள் வந்து போனாலும் சில கவுண்ட்டர்களில் எண் ஏறும். ஆங்கிலப் பதிவுகளுக்கு டெக்னோரட்டி சுட்டிகளை எண்ணி மதிப்பெண் தந்தது. தமிழில் அந்த அளவு நன்றாக வேலை செய்யவில்லை என்பது என் கணிப்பு. நம் பதிவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதும்போது பெயரைக் குறிப்பிட்டும், குறிப்பிடாமல் சாடையாகவும் எழுதினார்கள். சுட்டி கொடுக்காத சண்டைகளும் பாராட்டுகளும் ஏராளம். சுட்டியை மட்டும் எண்ணும் கருவிக்குத் தமிழ் உரையாடலின் பெரும்பகுதி தெரிந்திருக்காது.

தெரிந்தவரையாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. பல பதிவுகளின் ஓடைகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. டெக்னோரட்டி 2014இல் வலைப்பதிவுப் பட்டியலைக் கைவிட்டது. தளங்களுக்குத் தரவரிசை தந்த அலெக்ஸா 2022 மே மாதம் நின்றது. ஒவ்வொன்றும் போகும்போது தான் அளந்ததன் தொடர்ச்சியையும் கூட்டிக்கொண்டு போனது.

இதை எழுதும்போது அட்டுவம்பட்டிக்கு அதிகத் தொலைவில்லாத இன்னொரு நிறுவனம் நினைவுக்கு வருகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது இங்கேதான், இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் அந்த ஆய்வகத்தின் பெருமை ஒரு கண்டுபிடிப்போடு முடியவில்லை. நூறாண்டுக்கும் மேலாக நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்து, தட்டுகளைப் பாதுகாத்து, பின்னர் அவற்றை எண்முறைக்கு மாற்றினார்கள். அதனால்தான் ஒரு சூரியச் சுழற்சியை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. ஒரு மொழியின் வாசிப்புக் கவனத்தை அப்படித் தொடர்ந்து பதிந்துவைத்த நிறுவனம் எதுவும் தமிழுக்கு வாய்க்கவில்லை. இருந்த எண்கள் தனியார் தளங்களின் கையில் இருந்தன, தளத்தோடு போயின.

கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். வலைப்பதிவுப் பரவலை மடக்கைத் தாளில் புள்ளி வைத்து, நேர்க்கோடு போல் தெரிந்ததும், ஷெர்க்கி சொன்ன அந்த வடிவம்தான், அடுக்கு விதி (power law) என்று அறிவித்துவிடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. கிளாசெட், ஷலிஸி, நியூமன் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு 24 தரவுத் தொகுப்புகளைக் கறாராகச் சோதித்தது. அடுக்கு விதி என்று நம்பப்பட்ட சிலவற்றுக்கு அது பொருந்தவே இல்லை, வேறு சிலவற்றில் மற்றப் பரவல்களும் அதே அளவுக்குப் பொருந்தின. நமக்கு இதில் பாடம் உண்டு. உச்சி எவ்வளவு செங்குத்து என்பதற்கு அழகான சூத்திரம் தேடுவதில் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையாவது, பூஜ்யத்தில் நிற்பவர்களை எண்ணுவதில் செலவிடலாம்.

*

கவனம் ஒரே இடத்தில் குவிவது தீமையாகவே இருக்க வேண்டியதில்லை. இதற்குச் சான்றும் கொடைக்கானலிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் இங்கே இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பும் ஊர் மக்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர்கள் 2006இல் உயர் நீதிமன்றம் போனார்கள். இந்த ஆண்டுகளில் அறிக்கைகளும் மனுக்களும் கட்டுரைகளும் இணையத்தில் கிடந்தன. படித்தவர்கள் சிலரே.

2015 ஜூலை இறுதியில், இந்தப் பாதரச மாசு குறித்துச் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் காணொளி வெளியானது. சில நாட்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். எந்தப் பாட்டின் மெட்டில் அது அமைந்ததோ, அதைப் பாடிய நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாட்டுக்கு வந்தது. 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாட, மண்ணைச் சுத்தம் செய்யும் தரம் குறித்து இரண்டாவது காணொளி வந்தது. முதலாவது எழுப்பிய அலை அதற்கு எழவில்லை.

பார்வை எண்ணிக்கையின் வரைபடத்தைப் போட்டால் 2015இல் ஒரு செங்குத்துக் கோடு தெரியும், அதற்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு நீண்ட கோடு. செங்குத்துக் கோட்டைப் பாராட்டியவர்கள் பலர். என் கண் தரைக் கோட்டின் மேல்தான் போகிறது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் மண் ஆய்வு அறிக்கையையும் தொழிலாளர் உடல்நிலை விவரத்தையும் விடாமல் எழுதியவர்களும், அவற்றை விடாமல் படித்த சிலரும் இல்லாமல் போயிருந்தால், லட்சம் கண்கள் திரும்பிய நாளில் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. பெருங்கவனம் வரும்வரை உண்மையை உயிரோடு வைத்திருப்பது சிறுகவனம். அடித்தள அளவு பூஜ்யமாகிவிட்ட உலகில் அந்த எழுத்து இரண்டாம் ஆண்டிலேயே நின்றிருக்கும்.

இன்றைய நிலைமை என்னை அஞ்ச வைப்பது இதனால்தான். 2010க்குப் பிறகு தமிழ் எழுத்தின் பெரும்பகுதி ஃபேஸ்புக்குக்குப் பெயர்ந்தது, பின்னர் காணொளிக்கு. அங்கே முகப்பை நேரம் ஆளவில்லை. யாருக்கு எது காட்டப்பட வேண்டும் என்பதை நிறுவனத்தின் நிரல் முடிவு செய்கிறது. முதல் சில பேர் நின்று பார்க்காவிட்டால் அடுத்தவருக்கு அது காட்டப்படும் வாய்ப்பே குறைந்துபோகிறது. தமிழ்மணத்தின் மறுமொழிப் பெட்டி ஓர் ஓரத்தில் செய்ததை இன்று முழு முகப்பும் செய்கிறது. நேர வரிசை தந்த அந்தப் பத்து வாசகர்களுக்கு இப்போது எந்த உறுதியும் இல்லை.

*

இதைச் சோதித்துப் பார்க்க முடியும். பெரிய பணம் வேண்டாம். தமிழ்மணம் முகப்பின் பழைய நகல்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் தேதிவாரியாக இருக்கின்றன. அவற்றில் குறிப்பிட்ட நாட்களைத் தேர்ந்து, அன்று முகப்பில் வந்த இடுகைகளைப் பட்டியலிடலாம். அவற்றில் இன்னும் பிளாக்ஸ்பாட்டிலும் வேர்ட்பிரஸிலும் மிஞ்சியிருப்பவற்றைத் திறந்தால், ஒவ்வொரு மறுமொழியும் நாளும் நேரமும் பொறித்தபடி இருக்கிறது. ஒரு மறுமொழிகூடப் பெறாத இடுகைகள் எத்தனை பங்கு? நடுமதிப்பு என்ன? எழுதியவரே இட்டவற்றைக் கழித்தால் மீதி எவ்வளவு? மறுமொழி வாசிப்புக்குச் சமமாகாது, படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனவர்களே அதிகம் என்பதைச் சொல்லிவிட்டே இதைச் செய்ய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு திறந்த தரவும் உண்டு. விக்கிப்பீடியா தன் ஒவ்வொரு கட்டுரையின் பார்வை எண்ணிக்கையையும் 2015 ஜூலையிலிருந்து நாள்வாரியாக எல்லாருக்கும் தருகிறது, தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் அடக்கம். கொடைக்கானல் ஏரியைப் பற்றிய பக்கத்துக்கும் சுற்றியுள்ள ஊர்ப் பக்கங்களுக்கும் எவ்வளவு கவனம் போகிறது என்பதை ஒரு மாணவி ஒரே மாலையில் எடுத்துவிடலாம்.

மாணவி என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்த ஆய்வுக்குப் பொருத்தமான இடம் அட்டுவம்பட்டி என்பது என் எண்ணம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அங்குள்ள மகளிர் பல்கலைக்கழகத்தின் உழைப்பு உண்டு. யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு விளைபொருளின் மதிப்பை அளந்து, எழுதி, நிலைநாட்டிய அனுபவம் அது. பதிவுலகில் பெண்கள் எழுதியவற்றுக்கு என்ன கவனம் கிடைத்தது என்பது இன்னும் எழுதப்படாத அத்தியாயம். சமையலையும் குழந்தை வளர்ப்பையும் எழுதியபோது கிடைத்த வரவேற்பு, அரசியலையும் உடலையும் எழுதியபோது என்ன ஆனது? பெயரில்லாத அனானி மறுமொழிகள் யார் பதிவில் அதிகம் குவிந்தன? எத்தனை பேர் எந்த இடுகைக்குப் பிறகு எழுதுவதை நிறுத்தினார்கள்? கவனத்தின் அளவோடு அதன் குணத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் இவற்றுக்குப் பதில் வரும். நூறு மறுமொழியில் தொண்ணூறு வசையாக இருந்தால் அதை வரவேற்பு என்று எண்ணிக்கையில் சேர்ப்பது அநியாயம்.

ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் என் வேண்டுகோள், இந்தத் தலைப்பை இப்போதே எடுங்கள். ஆண்டுதோறும் பழைய வலைப்பதிவுகள் அழிகின்றன, படங்கள் உடைகின்றன, எழுதியவர்கள் கடவுச்சொல்லை மறக்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்த தமிழர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். வாக்கும் சூடும் இல்லாத, நேர வரிசை மட்டுமே உள்ள ஒரு திரட்டியை மறுபடியும் கட்டுங்கள், அதன் சொடுக்கு எண்ணிக்கையை மாதந்தோறும் நடுமதிப்போடும் பூஜ்யங்களோடும் பொதுவில் வெளியிடுங்கள். பழைய வலைப்பதிவு வைத்திருப்பவர்கள் அதை மூடிவிடாதீர்கள், ஒரு நகலாவது எடுத்து வையுங்கள். வாசகர்கள் இந்த வாரம் ஒருமுறையாவது பட்டியலின் அடியில் கிடக்கும் ஒருவரைத் தேடிப் படித்து, படித்தேன் என்று அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.